கீபோர்டைத் தொடாத தம்பி

கேம் செய்யும்போது மாட்டிக்கொண்டால் உதவும் தம்பி ஒருவர் ஒரு மணி நேரத்துக்கு 35 வெள்ளி (மலேசிய ரிங்கிட்) வாங்குகிறார், ஆனால் கீபோர்டை மட்டும் தொடமாட்டார். முதல் சனிக்கிழமை எனக்கு அது பெரிய எரிச்சலாக இருந்தது. லேப்டாப்பை அவர் பக்கம் திருப்பி வைத்தேன். அவர் அதை என் பக்கமே திருப்பிவிட்டு, இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

"நீங்களே தட்டுங்க அக்கா. நான் பார்த்துக்கிட்டு இருக்கேன்."

பார்த்துக்கொண்டிருக்கவா 35 வெள்ளி? அந்தக் காசுக்கு வீட்டில் மூன்று பேருக்கு நாசி கண்டார் சாப்பாடு கட்டிக்கொண்டு போயிருக்கலாம்.

நான் எழுத வந்தது பினாங்கு ஜார்ஜ்டவுன் லிட்டில் இந்தியாவில் இருக்கும் ஒரு மாடியைப் பற்றி. லெபு குவீன் பக்கம், பழைய கடைவீடு, கீழே துணிக்கடை. போர்டு கிடையாது, பெயரும் கிடையாது, போகிறவர்கள் எல்லாம் 'மாடி' என்றுதான் சொல்வோம். கேம் செய்யப் பழகுகிறவர்கள் புரோகிராமில் மாட்டிக்கொண்டால் இங்கே போய்க் கேட்கலாம். சனிக்கிழமை மதியம் இரண்டிலிருந்து ஏழு வரை. நடத்துவது இரண்டு இளைஞர்கள், அதில் ஒருவர்தான் இந்தத் தம்பி. இருவருக்கும் வார நாளில் வேறு வேலை உண்டு. வகுப்பு, பாடத்திட்டம், சான்றிதழ் எதுவும் இல்லை. மாட்டிக்கொண்ட இடத்தை நாம்தான் கொண்டு போக வேண்டும். ஒரு மணி நேரம் 35 வெள்ளி. 'ஒரே கேள்வி' என்று பதினைந்து நிமிடக் கணக்கும் உண்டு, அது 10 வெள்ளி. நான் இதுவரை பதினோரு சனிக்கிழமை போயிருக்கிறேன்.

என்னைப் பற்றியும் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் பிறகு சொல்வது புரியாது. பாயான் லெப்பாஸில் ஒரு எலக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலையில் பதினாறு வருடமாகத் தரம் பார்க்கும் வேலை. மைக்ரோஸ்கோப்பில் கண்ணை வைத்துப் போர்டில் சோல்டர், அதாவது பற்றவைப்பு, சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். கம்ப்யூட்டர் படித்தவள் இல்லை. மகள் தமிழ்ப்பள்ளியில் நான்காம் ஆண்டு. போனில் அவள் விளையாடும் சொல் விளையாட்டு எல்லாம் ஆங்கிலத்தில்தான். தமிழில் ஒன்று நானே செய்து தருகிறேன் என்று தீபாவளி லீவில் வாயை விட்டுவிட்டேன். மேலேயிருந்து எழுத்துகள் விழும், கீழே ஒரு கூடை, சரியான எழுத்தைப் பிடித்தால் சொல் நிறையும். ஒரு வாரத்தில் முடித்துவிடலாம் என்று நினைத்தேன். சிரிக்காதீர்கள்.

கேம் செய்ய உதவும் கோடோ என்ற மென்பொருளை எடுத்துக்கொண்டதற்குக் காரணம் அது இலவசம், என் பழைய லேப்டாப்பிலும் ஓடுகிறது. அர்ஜென்டினாக்காரர்கள் இரண்டு பேர், ஹுவான் லினியெட்ஸ்கியும் ஏரியல் மன்சூரும், தொடங்கியது. 2014-இல் எல்லாருக்கும் திறந்துவிட்டார்கள். எம்ஐடி உரிமம் என்பதால் நாளைக்கு என் கேமை நான் விற்றாலும் யாருக்கும் பங்கு தர வேண்டியதில்லை. விற்கப்போகிற முகம்தான்!

தகராறு எங்கே வந்தது என்றால், வீடியோ பாடம் ஒன்றை 120 வெள்ளி கொடுத்து வாங்கினேன். யாரிடம் என்று சொல்லமாட்டேன். அது கோடோ 3-க்காக எடுத்த பாடம். நான் இறக்கி வைத்திருந்ததோ 4. அந்த 4 வெளிவந்தது 2023 மார்ச்சில், அதில் பல பெயர்களை மாற்றிவிட்டார்கள். பாடத்தில், நகர வேண்டிய பொருளுக்குக் 'கைனமேட்டிக் பாடி டூடி'யைச் சேருங்கள் என்கிறார் வாத்தியார். என் பட்டியலில் அப்படி ஒன்றே இல்லை. இரண்டு ராத்திரி தேடினேன். அதற்கு இப்போது 'கேரக்டர் பாடி டூடி' என்று பெயர். ஒன்றைக் கண்டுபிடித்துத் தாண்டினால் அடுத்தது: பழையதில் 'யீல்டு' என்று எழுதியது புதியதில் 'அவெய்ட்'. பிறகு ஏஐ-யிடம் கேட்டேன். மிகப் பணிவாகப் பதில் சொல்லி, பழசையும் புதுசையும் ஒரே சட்டியில் போட்டுக் கிண்டிக் கொடுத்தது. எந்த வரி எந்தக் காலத்தது என்று பிரித்துப் பார்க்கும் அறிவு எனக்கு அப்போது இல்லை.

அந்த நிலைமையில்தான் மாடியைப் பற்றித் தொழிற்சாலையில் எங்கள் லைனில் ஒரு பெண் சொன்னாள். எதிர்க்கரையில் இருக்கும் பிறையிலிருந்து மோட்டார் சைக்கிளில் பினாங்குப் பாலம் ஏறிப் போனேன். மோட்டாருக்கு 2019-லிருந்து டோல் இல்லை என்பதால் அந்தச் செலவு மிச்சம்.

மேசையில் பேனா போட்டு வைக்கும் மைலோ டின் ஒன்று இருக்கும். தம்பியிடம் கேள்வி கேட்பதற்கு முன் அந்த டின்னைப் பார்த்து அதே கேள்வியைச் சத்தமாகச் சொல்ல வேண்டும். முதல் நாள் எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. நாற்பது வயதுக்கு மேல் டின்னோடு பேச வைத்துவிட்டானே என்று நினைத்தேன். ஆனால் என் பதினோரு வாரத்தில் மூன்று தடவை டின்னிடம் பாதி சொல்லும்போதே விடை எனக்கே தெரிந்துவிட்டது. அப்படித் தெரிந்தால் காசு வாங்குவதில்லை. "டின்னுக்குச் சம்பளம் இல்லை அக்கா" என்பார்.

டின்னுக்கு அப்புறம் ஒரு காகிதம். அதில் நான்கு விஷயம் எழுதித் தர வேண்டும். கோடோ எந்தப் பதிப்பு, என்ன நடக்க வேண்டும், என்ன நடக்கிறது, கடைசியாகச் சரியாக ஓடியதற்கு அப்புறம் எதை மாற்றினேன். என் முதல் காகிதம் இன்னும் பையில் இருக்கிறது. 'கூடை வேலை செய்யவில்லை' என்று ஒரே வரி.

தம்பி அதைப் படித்துவிட்டுக் கேட்டார். "வேலை செய்யலைன்னா? நகரலையா, நகர்ந்துட்டு நிக்கலையா, தப்பான பக்கம் போகுதா?"

"எங்க வீட்டுல சரியாத்தான் போகுது. கொழுந்தன் வீட்டுல போட்டுப் பார்த்தா பறக்குது."

"இதைத்தானே அக்கா எழுதியிருக்கணும்."

அப்புறம் ஏற்கெனவே செய்ததைத் தொடவிடாமல், ஒரு காலி ப்ராஜெக்டைத் திறந்து கூடையை மட்டும் வைக்கச் சொன்னார். எழுத்து வேண்டாம், மதிப்பெண் வேண்டாம், பின்னணிப் படம் வேண்டாம். கூடை, வலது அம்பு, இடது அம்பு, அவ்வளவே. இருபது நிமிடம் பிடித்தது. இதைச் செய்யும்போதுதான் எனக்கு ஒன்று உறைத்தது. எங்கள் லைனில் ஒரு போர்டு ஃபெயிலானால் அதில் இருக்கிற எல்லாச் சோல்டரையும் நாங்கள் மறுபடி உருக்குவதில்லை. நல்ல போர்டு ஒன்றைப் பக்கத்தில் வைத்து, இது இல்லை, இது இல்லை என்று கழித்துக்கொண்டே வருவோம். பதினாறு வருடமாகச் செய்கிற அதே வேலை. வீட்டில் மட்டும் ஏன் கண்ட இடத்திலெல்லாம் மாற்றி மாற்றித் தட்டிக்கொண்டிருந்தேன் என்று தெரியவில்லை.

கூடை மட்டும் இருக்கிற ப்ராஜெக்டில் பிழை பளிச்சென்று தெரிந்தது. 'ப்ராசஸ்' என்ற ஃபங்ஷனுக்குள் (கட்டளைத் தொகுப்புக்குள்), கூடையின் இடத்தோடு 5 கூட்டு என்று எழுதியிருந்தேன்.

"இந்த வரி எப்ப எப்ப ஓடும்?"

"ஸ்க்ரீனில் மாறுற ஒவ்வொரு படத்துக்கும்."

"உங்க லேப்டாப் ஒரு செகண்டுக்கு எத்தனை படம் காட்டும்?"

"அறுபது."

"அப்ப ஒரு செகண்டுல கூடை எவ்வளவு தூரம்?" போனை எடுத்துப் பெருக்கச் சொன்னார். 300.

"கொழுந்தன் கேம் விளையாடுறவரா? ஸ்க்ரீன் செகண்டுக்கு 144 படம் காட்டுறதா இருக்கும். அதையும் பெருக்குங்க." 720.

இரண்டு எண்ணையும் காகிதத்தில் பக்கத்தில் பக்கத்தில் எழுதிவிட்டுப் பேசாமல் இருந்தார். நானும் பேசாமல் இருந்தேன். ஃபேன் சத்தம் மட்டும். சொல்லித் தொலையேன் என்று இருந்தது. கடைசியில் நானே கேட்டேன், ஒரு படத்துக்கு இவ்வளவு என்று சொல்லாமல் ஒரு நொடிக்கு இவ்வளவு என்று சொல்ல முடியாதா என்று. அதற்குத்தான் காத்திருந்தாராம். 'டெல்டா' என்று ஒரு எண்ணைக் கோடோவே நம் கையில் கொடுக்கிறது. போன படத்துக்கும் இந்தப் படத்துக்கும் நடுவில் போன நேரம் அது. நொடிக்கு 300 என்று எழுதி டெல்டாவால் பெருக்கினால், எங்கள் வீட்டில் படத்துக்கு 5 நகரும், கொழுந்தன் வீட்டில் 2 சொச்சம் நகரும். நொடி முடியும்போது இரண்டு கூடையும் ஒரே இடத்தில் நிற்கும். அந்த வீடியோ பாடத்திலும் டெல்டாவால் பெருக்கச் சொல்லியிருந்தார்கள், ஏதோ சடங்கு மாதிரி. ஏன் என்று தெரியாததால் விட்டுவிட்டேன்.

இந்த இடத்தில் மற்ற இளைஞரைப் பற்றிச் சொல்ல வேண்டும். தம்பியின் கூட்டாளி, கெட்டிக்காரர், தம்பியைவிட அதிகம் தெரிந்தவர் என்றுகூடச் சொல்வேன். ஒரு சனிக்கிழமை தம்பி வரவில்லை, இவரிடம் உட்கார்ந்தேன். கேம் தொடங்கியதும் நின்று சிவப்பு வரி ஒன்று வருகிறது என்றேன். லேப்டாப்பை இழுத்தார், டக் டக் என்று தட்டினார், நான்கே நிமிடம், சரியாகிவிட்டது. பிரமாதம் என்று நினைத்துக்கொண்டு பாலம் இறங்கி வீட்டுக்கு வந்தேன். அடுத்த வியாழன் அதே சிவப்பு வரி. என்ன செய்தார் என்று ஒரு துளிகூட நினைவில்லை. நினைவிருக்க அவர் எதையும் காட்டவும் இல்லை.

அதே வரியோடு தம்பியிடம் போனேன். அவர் அதைச் சத்தமாகப் படித்துத் தமிழில் சொல்லச் சொன்னார். ஆங்கிலத்தில் இருந்ததைத் திக்கித் திணறிச் சொன்னேன்: இல்லாத ஒருவரிடம் போய் உன் இடம் எங்கே என்று கேட்கிறாய். "யாரு இல்லாதவரு?" வரி எண்ணும் அங்கேயே எழுதியிருந்தது, 31. அந்த வரியில் கூடையை அதன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டிருந்தேன். பக்கத்துப் பட்டியலில் போய்ப் பார்த்தால், அழகாக இருக்கட்டும் என்று புதன்கிழமை நானே பெயரை மாற்றியிருந்தேன். பழைய பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் யார் வருவார்கள்? இதைக் கண்டுபிடிக்க ஐம்பது நிமிடம் ஆனது, முழுசாக 35 வெள்ளி. கூட்டாளியிடம் நான்கு நிமிடத்துக்கும் அதே 10 வெள்ளிக் கட்டணம்தான். ஆனால் அதற்கப்புறம் அந்தச் சிவப்பு வரி எத்தனையோ தடவை வந்துவிட்டது, ஒரு தடவைகூட அதற்காக நான் மாடி ஏறவில்லை.

எல்லாருக்கும் இந்த முறை ஒத்துவராது. பதினேழு வயதுப் பையன் ஒருவன் வந்தான். நூறு பேர் ஒரே நேரத்தில் ஆன்லைனில் விளையாடும் கேம் செய்ய வேண்டும், புரோகிராமை மொத்தமாக எழுதிக் கொடுங்கள் என்றான். தம்பி அவனை இரண்டு மட்டை ஒரு பந்து விளையாட்டு ஒன்று செய்துகொண்டு வரச் சொன்னார். 1972-இல் அட்டாரி விட்ட பாங் மாதிரி. பையன் முகத்தைப் பார்க்க வேண்டுமே! போனவன் போனவன்தான். கொஞ்சம் தட்டிக்கொடுத்து அனுப்பியிருக்கலாம் என்று எனக்குத் தோன்றியது. தம்பிக்கு அந்த நயம் போதாது.

தமிழ் எழுத்து விவகாரத்துக்கு வருகிறேன், என்னைப் போல் தமிழில் செய்ய நினைப்பவர்களுக்கு இது பயன்படும். எழுத்துகளைத் தனித்தனியாக விழ வைத்தேன். 'தமிழ்' என்ற சொல்லையே முதலில் போட்டுப் பார்த்தேன். மகள் விளையாடிக்கொண்டிருந்தவள் திரும்பி, "அம்மா, ஏன் வட்டமெல்லாம் விழுது?" என்றாள். பார்த்தால் த, ம விழுகிறது, பிறகு புள்ளிபுள்ளியாக ஒரு வட்டத்தைப் பிடித்துக்கொண்டு இகரக் குறி மட்டும் தனியாக விழுகிறது, பிறகு ழ, பிறகு அதன் தலைப்புள்ளி. மூன்று எழுத்துச் சொல்லுக்கு ஐந்து உருப்படி. சொல்லின் நீளம் என்ன என்று கோடோவைக் கேட்டாலும் 5 என்கிறது.

இதைக் கொண்டு போனபோது தம்பி சிரித்துவிட்டார். "எனக்கும் தெரியாது அக்கா. உட்காருங்க, பார்ப்போம்." தெரியாது என்று சொல்லும் வாத்தியாருக்கே தனியாக ஐந்து வெள்ளி கொடுக்கலாம். அவர் வாங்கவில்லை, அன்றைக்குப் பாதிக் காசுதான் எடுத்துக்கொண்டார்.

ஒவ்வொரு உருப்படிக்கும் கம்ப்யூட்டர் வைத்திருக்கிற எண்ணை அச்சடித்துப் பார்த்தோம். எழுத்துகளுக்கு எண் தரும் யூனிகோடில் தமிழின் உயிர்க்குறிகளும் புள்ளியும் 3006-இலிருந்து 3021-க்குள் அடங்கிவிடுகின்றன. ஔகாரத்தின் பின்பாதிக்கு மட்டும் 3031 என்று தனியாக ஒன்று. சரி, அப்படியானால் எழுத்துகளை ஒவ்வொன்றாகப் படித்துக்கொண்டே வா, எண் இந்த எல்லைக்குள் இருந்தால் முந்தைய எழுத்தோடு ஒட்டு, இல்லாவிட்டால் புது எழுத்து தொடங்கு. எட்டு வரி. தட்டியது நான். 'தமிழ்' மூன்றானது. 'கொக்கு' என்று போட்டேன், மூன்று. 'வௌவால்' போட்டேன், அதுவும் மூன்று வந்தது, விரலை விட்டு எண்ணிப் பார்த்தேன், சரிதான்.

பக்கத்து மேசையில் இருந்தவர் உடனே 'லக்ஷ்மி' போடச் சொன்னார். நான்கு என்று வந்தது. க்ஷ ஒரே எழுத்து, அதனால் மூன்று என்று அவர். தம்பி, ககர மெய்யும் ஷகரமும் சேர்ந்ததுதானே, நான்குதான் என்றார். இரண்டு பேரும் கால் மணி நேரம் வாக்குவாதம், என் நேரத்தில். மகளின் பாடப் புத்தகத்தில் அந்த மாதிரிச் சொல்லே இல்லை, எனக்கு நான்கானாலும் மூன்றானாலும் ஒன்றுதான் என்று சொல்லி முடித்து வைத்தேன்.

எழுத்துருவில் இன்னொரு சின்னத் தகராறு. லேப்டாப்பில் தமிழ் அழகாகத் தெரிந்தது, போன் பிரவுசரில் திறந்தால் எல்லாம் கட்டம் கட்டமாக வந்தது. லேப்டாப்பில் விண்டோஸ் தன் எழுத்துருவைக் கடன் கொடுத்துக் காப்பாற்றிக்கொண்டிருந்திருக்கிறது. பிரவுசருக்கு ஏற்றுமதி செய்தால் அந்தக் கடன் கிடைக்காது, நாமேதான் எழுத்துருவைக் கேமுக்குள் சேர்க்க வேண்டும். நோட்டோ சான்ஸ் தமிழ் என்ற எழுத்துரு இலவசம், சேர்த்தேன். இது பதினைந்து நிமிடக் கேள்வி, 10 வெள்ளி.

குறைகள் சொல்லாவிட்டால் விமர்சனம் ஆகாது. படி செங்குத்து, முட்டிவலிக்காரர்கள் பார்த்து ஏறுங்கள். ஏர்கான் இல்லை, மூன்று மணிக்குச் சட்டை முதுகோடு ஒட்டும். சனிக்கிழமை மட்டும்தான், அதுவும் கடைசி நேரத்தில் 'இன்று இல்லை' என்று வாட்ஸ்அப் வரும். ஒரு தடவை நான் பாலத்தின் நடுவில் இருக்கும்போது வந்தது. இறங்கிய பிறகுதான் பார்த்தேன், கடுப்பில் நேரே போய்ச் செண்டோல் குடித்துவிட்டுத் திரும்பினேன். கோடோ தவிர வேறு எதற்கும் உதவ மாட்டார்கள். படம், இசை பற்றிக் கேட்டால் தோளைக் குலுக்குவார்கள். என் கூடை இன்னும் சட்டி மாதிரித்தான் இருக்கிறது. தம்பி பேசும்போது வேகம் அதிகம், நிறுத்தி மறுபடி கேட்கக் கூச்சப்படாதீர்கள். ஒரு பிழைக்கு ஒரு மணி நேரம் ஆகும் என்பதால் செலவு கூடும். பதினோரு வாரத்தில், இலவசமாகப் போன மூன்றையும் கழித்து, 210 வெள்ளி கொடுத்திருக்கிறேன். நாளைக்கே கேம் கையில் வேண்டும் என்பவர்களுக்கு இது கட்டுப்படியாகாது, அவர்கள் கூட்டாளியிடம் உட்காருவது நல்லது.

என் கேமில் இப்போது 40 சொற்கள் இருக்கின்றன. மகள் இரண்டு நாளில் எல்லாவற்றையும் முடித்துவிட்டு, தோற்றால் கூடை உடைய வேண்டும் என்கிறாள். உடைவதை எப்படிச் செய்வது என்று வரும் சனிக்கிழமைக்குக் காகிதம் எழுதி வைத்திருக்கிறேன். இந்த முறை ஒன்றரைப் பக்கம்.

போகிறவர்கள் கீழே துணிக்கடையில் கேட்டால் படியைக் காட்டுவார்கள். இரண்டு மணிக்கே போய்விடுங்கள், நான்குக்கு மேல் உட்கார இடம் இருக்காது. சார்ஜரோடு எக்ஸ்டென்ஷன் வயரும் கொண்டு போங்கள். மேலே இருப்பது மூன்றே ப்ளக், அதில் ஒன்று ஃபேனுக்கு.